கடைசிக் கட்டைக்கு மேலே

மேடைக்கு அடியில் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் அறையிலிருந்து கேபிளை இழுத்து வந்து, மேடையின் இடது ஓரத்தில் சிவப்பு நிற ஐந்து முனை சாக்கெட்டை நான் பொருத்தி முடித்தபோது காலை மணி ஒன்பதே முக்கால். யார் காலும் தட்டாதபடி கேபிளின் மேல் ரப்பர் பட்டை போட்டு, ஓரத்தில் மஞ்சள் டேப் ஒட்டினேன். கீழே ஓடிப்போய் டிரான்ஸ்ஃபார்மரை ஆன் செய்து, மேலே ஓடிவந்து மீட்டரை வைத்துப் பார்த்தேன். எண் நானூற்றுப் பதினான்குக்கும் பதினைந்துக்கும் இடையில் ஆடிவிட்டு பதினைந்தில் நின்றது. திருப்தியாக இருந்தது. முசஃபா லேபர் கேம்பிலிருந்து ஐந்து மணி பஸ்ஸில் கிளம்பி வந்தவனுக்கு அன்றைக்குக் கிடைக்கப்போகிற ஒரே திருப்தி அதுதான் என்று அப்போது தெரியாது.

வேலைத்தாளில் அப்படித்தான் எழுதியிருந்தது. அபுதாபியில் இருக்கும் இந்தப் பெரிய ஹாலுக்கு கரண்ட், ஏசி இரண்டையும் எங்கள் கம்பெனிதான் பார்க்கிறது. ஹாலந்திலிருந்து பன்னிரண்டு பேர் கொண்ட இசைக்குழு வருகிறது, சாயங்காலம் ஏழரைக்குக் கச்சேரி, அவர்களுக்கு இன்னின்னது வேண்டும் என்று ஒரு பட்டியல் வந்திருந்தது. அதில் ஒரு வரி: ஹார்ப்சிகார்ட், 415, மேடை இடது பக்கம், பத்து மணிக்குத் தயாராக இருக்க வேண்டும். ஹார்ப்சிகார்ட் என்றால் என்னவென்று எனக்கும் தெரியாது, சூப்பர்வைசர் சுஐபு பாய்க்கும் தெரியாது. 415 தெரியும். ஊரில் வயர்மேன் லைசென்ஸ் வாங்கிய நாளிலிருந்து எனக்கு அந்த எண்ணுக்கு ஒரே அர்த்தம்தான். த்ரீ ஃபேஸ். மாவு மில்லுக்கு, ரைஸ் மில்லுக்கு, போர்வெல் மோட்டாருக்குக் கொடுக்கிற கரண்ட்.

"பழங்காலத்துச் சாமான்டு போட்டிருக்கு" என்றார் சுஐபு பாய். கீழக்கரைக்காரர், என்னைவிட ஐந்து வயது மூத்தவர். "பழசுன்னா கரண்ட்டு நெறையத்தான் இழுக்கும் கார்மேகம். முப்பத்திரெண்டு ஆம்ப்ஸ் சாக்கெட்டாவே போட்டுரு."

பத்து மணிக்கு ஆறு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நீளமான மரப்பெட்டி. வெளியே பச்சை வர்ணம், மூடியைத் திறந்தால் உள்ளே பூவும் குருவியுமாக வரைந்திருந்தது. பார்ப்பதற்கு ஒல்லியான பியானோ. கால்களை மாட்டி நிறுத்தினார்கள். நான் சுற்றிச் சுற்றி வந்தேன், குனிந்து அடியில் பார்த்தேன். ஒயரும் இல்லை, பிளக்கும் இல்லை.

"என்ன தேடுறீங்க அங்கிள்?"

தமிழைக் கேட்டதும் தலை பெட்டியில் இடித்துக்கொண்டது. முப்பது வயதுகூட இருக்காத ஒரு பெண், கறுப்பு பேன்ட், தலையில் சாம்பல் நிறத் துணி, கையில் T வடிவத்தில் ஒரு சாவி. எனக்கு நாற்பத்தொன்றுதான் ஆகிறது. ஆனால் கல்ஃபில் வளர்ந்த பிள்ளைகளுக்கு யாரைப் பார்த்தாலும் அங்கிள்தான், கோபித்துப் பயனில்லை. பெயர் ஹிஃப்ஸா. வாப்பாவுக்கு ஹம்தான் தெருவில் அத்தர் கடை. இங்கேதான் பள்ளிக்கூடம் படித்தாள், அப்புறம் ஹாலந்துக்குப் போய் இதைப் படித்தாளாம். இந்தப் பெட்டியை வாசிப்பதும் அவள்தான், சுருதி கூட்டுவதும் அவள்தான்.

"பிளக்கும்மா. 415 கேட்டிருந்தீங்கள்ல. ரெடியா இருக்கு" என்று சிவப்பு சாக்கெட்டைக் காட்டினேன்.

அவள் சாக்கெட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "சாரி அங்கிள். இது கரண்ட்ல ஓடாது. உள்ள கம்பி இருக்கு, கட்டைய அமுக்குனா ஒரு சின்ன நகம் வந்து கம்பியச் சுண்டும், அவ்ளோதான். 415ங்கிறது சுருதி. ஆதாரக் கம்பி ஒரு செகண்டுக்கு நானூத்திப் பதினஞ்சு தடவை ஆடணும். இப்ப உலகம் பூரா 440 வச்சிக்கிறாங்க. நாங்க பழைய மாதிரி, கொஞ்சம் கீழ."

சுஐபு பாயிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. தாளில் கையெழுத்துப் போட்டவர் அவர். "கழட்டுனா எதுக்குப் போட்டே, எதுக்குக் கழட்டுனேன்னு நாலு பேப்பர் எழுதணும். இருந்துட்டுப் போகட்டும். திரைக்குப் பின்னாடி தள்ளி மூடி வையி." அப்படியே செய்தேன். 

பதினொன்றரைக்கு ஒத்திகை ஆரம்பித்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை, வயலின் வாசிக்கிற வெள்ளைமுடிப் பெரியவர் வில்லைத் தூக்கி நிறுத்தினார். எல்லோரும் நிறுத்தினார்கள். பன்னிரண்டு பேரும் தலையைச் சாய்த்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள். ஹிஃப்ஸா எழுந்து மேடையோரம் வந்தாள். "அங்கிள், ஒரு சத்தம் வருது. ம்ம்ம்னு அடியில. எங்க சுருதியோட இடிக்குது. உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்குதும்மா" என்றேன்.

எனக்குக் கேட்கவில்லை. அதாவது, எனக்கு எப்போதும் ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கும். இதற்கு முன்னால் சவூதியில், ஜுபைலில் ஆறு வருடம் கம்ப்ரஸர் ஹவுஸில் இருந்தேன். காதில் அடைக்க மஞ்சள் பஞ்சு கொடுத்தார்கள், அதை வைத்தால் ஃபோர்மேன் கூப்பிடுவது கேட்காது, கேட்காவிட்டால் அவன் தலைக்கவசத்தில் தட்டுவான், அதனால் யாரும் வைக்கவில்லை. ஒரு லீவில் ஊருக்குப் போய் இறங்கிய ராத்திரி, பரமக்குடியில் இருந்து வீட்டுக்குப் போகும் வண்டியில் ஒரு விசில் கேட்டது. டிரைவரிடம் பெல்ட்டைப் பார்க்கச் சொன்னேன். வண்டி நின்றது, எஞ்சின் நின்றது, விசில் நிற்கவில்லை. இன்றுவரை நிற்கவில்லை. இடது காதில் அதைத் தவிர எதுவுமே இல்லை. வலது காதில் மனிதர்கள் பேசுவது அந்த விசிலுக்குப் பின்னால் நின்று பேசுவதுபோல வரும், பாதிச் சொல் வராது.

யாரிடமும் சொல்லவில்லை. கம்பெனியில் வருடாவருடம் காது சோதிப்பார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொல்வார்கள். பொத்தானை அமுக்கும்போது நர்ஸின் முழங்கை லேசாக அசையும். அதைப் பார்த்துத்தான் விரலைத் தூக்குவேன். ஆறு முறை பாஸ். தெரிந்தால் அன்ஃபிட் என்று எழுதி டிக்கெட் போட்டு அனுப்பிவிடுவார்கள், எங்கள் கம்பெனிக்காக ஓமானில் சோஹாரில் இருந்த ராமையாவை அப்படித்தான் அனுப்பினார்கள். எனவே யார் எதைக் கேட்டாலும் "சரி", "ஆமா", "பாத்துக்கலாம்." இந்த மூன்றையும் முகத்தைப் பார்த்து மாற்றி மாற்றிப் போட்டால் வண்டி ஓடிவிடும். ஓடாத இடம் ஒன்றே ஒன்று, போன். போனில் முகம் இல்லை. வீடியோ போட்டால் என் மனைவி பானுமதி பாதி நேரம் கூரையைத்தான் காட்டுவாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் பானுமதி போன் செய்து, "அந்தக் கட்டிய எடுத்துரலாங்கிறாக" என்று சொல்லியிருக்கிறாள். எனக்குக் "கட்டில" என்று விழுந்தது. பழைய கட்டில் ஆடுகிறது என்று முன்பே சொல்லிக்கொண்டிருந்தாள், புதுக்கட்டில் எடுக்கப்போகிறாள் என்று நினைத்தேன். "எடுத்துரு. இதுக்கெல்லாம் எதுக்கு என்னையக் கேக்குற? நல்லதாப் பாத்து எடு" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து நானும் வைத்துவிட்டேன். அவள் மதுரைக்குத் தனியாகப் போய், மார்பில் இருந்த கட்டியை எடுத்துக்கொண்டு, இரண்டு நாள் பக்கத்துப் படுக்கைக்காரியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். சோஹாரில் இருக்கும் அவள் தம்பி ராஜீவ் கூப்பிட்டு, "என்ன மச்சான், அக்காகிட்ட இப்படிச் சொன்னீகளாமே" என்று கேட்டபோதுதான் எனக்கு விஷயமே தெரியும். பயப்படும்படி ஒன்றுமில்லை என்று ரிசல்ட் வந்துவிட்டது. ஆனால் இருபத்து மூன்று நாளாக அவள் என்னோடு பேசவில்லை. மகள்தான் போனை எடுப்பாள். சாயங்காலம் ஆறு மணிக்கு "அம்மா தூங்குதுப்பா" என்பாள். ராஜீவிடமும் லைன் சரியில்லை என்றுதான் சொன்னேன். காது கேட்கவில்லை என்று பானுமதியிடம் சொன்னால் மறு ஃப்ளைட்டிலேயே கிளம்பி வா என்பாள், மகளுக்கு இன்னும் மூன்று வருடப் படிப்பு இருக்கிறது. சொல்லாவிட்டால், மார்பில் கத்தி வைக்கப்போகிற பெண்டாட்டியிடம் நல்லதாகப் பார்த்து எடு என்று சொன்னவனாகவே கடைசிவரை இருக்க வேண்டும். இதில் எது பரவாயில்லை என்று யோசித்து யோசித்து, படுத்தாலும் உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருந்தது. 

இப்போது மேடையில் பன்னிரண்டு பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயில் வந்ததைச் சொன்னேன். "ஏசிதாம்மா. ஏர் ஹேண்ட்லர் பெல்ட்டு."

ஏசியை நிறுத்தினோம். அக்டோபர் கடைசி, வெளியே இன்னும் முப்பத்தெட்டு டிகிரி, கடல் காற்றில் ஈரம். இவர்களுடைய வயலின்களில் கட்டியிருப்பது ஆட்டுக்குடலை முறுக்கிச் செய்த நரம்பு, கம்பி இல்லை. ஈரம் ஏறினால் அது உப்பிவிடும், சுருதி நிற்காது. இதையும் ஹிஃப்ஸாதான் சொன்னாள். கூப்பிட்டால் ஓடிவர வேண்டும் என்று என்னை அந்தப் பச்சைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தார்கள். அவள் சாவியைப் போட்டு ஒவ்வொரு கம்பியாகத் திருகிக்கொண்டே பேசினாள். இருநூறு கம்பிக்குக் கிட்ட இருக்கும். 

"எதுக்கும்மா இவ்வளவு கஷ்டம்? கம்பியே போட்டுக்கலாமே" என்றேன்.

"முன்னூறு வருஷத்துக்கு முன்னாடி எழுதுன பாட்டு அங்கிள் இதெல்லாம். அப்ப இருந்த நரம்பு, அப்ப இருந்த வில்லு, அப்ப இருந்த சுருதி. அப்ப உக்காந்திருந்தவங்க காதுல எப்படி விழுந்துச்சோ, அப்படியே கேக்கணும்னு ஆசை." ஒரு கம்பியைச் சுண்டிக் காதை வைத்துக் கேட்டாள். "என் வாப்பாவுக்கே இது புரியாது. கேக்குறவங்ககிட்ட பியானோ டீச்சர்னு சொல்லி வச்சிருக்கார்."

எனக்கு எரிச்சலாக வந்தது. முன்னூறு வருடத்துக்கு முன்னால் செத்துப்போன வெள்ளைக்காரன் காதில் என்ன விழுந்தது என்று தெரிந்துகொள்ள இத்தனை பேர், இத்தனை பெட்டி, விமான டிக்கெட். என் காதில் என்ன விழுகிறது என்று கட்டியவளுக்கே தெரியாது. அதற்கு யாரைக் குறை சொல்வது, நான்தான் சொல்லவில்லை. 

ஒரு மணிக்கு சட்டென்று பெரியவர் கையை உதறினார். வயலினில் ஒரு நரம்பு அறுந்து அவர் கன்னத்தில் அடித்திருந்தது, சிவப்பாக ஒரு கோடு. அவர் யாரையும் திட்டவில்லை. பையிலிருந்து காகித உறையை எடுத்துப் புது நரம்பைப் பிரித்தார். ஹிஃப்ஸா சொன்னாள், இப்போது மாட்டுவதுதான் கடைசி நரம்பு, இந்த ஈரத்தில் அதுவும் போனால் கச்சேரி நடக்காது. ஏசியை நிறுத்தச் சொன்னது என் வாய். 

"அங்கிள், இப்ப அந்த சத்தம் நின்னுருச்சா?" என்று கேட்டாள்.

அவள் முகத்தைப் பார்த்தேன். சாதாரணமாக இருந்தது. அப்படி இருந்தால் "ஆமா" போட வேண்டும். "ஆமாம்மா. நின்னுருச்சு."

"நிக்கல அங்கிள். இன்னும் அப்படியேதான் இருக்கு."

பொய்யில் கையும் களவுமாக மாட்டியவன் என்ன செய்வான். டூல் பையைத் திறந்து எதையோ தேடினேன். பையில் தேடுவதற்கு ஒன்றுமில்லை. அவள் சாவியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். மேடையிலே, ஏசி இல்லாத வெக்கையிலே, சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்க, ஆறு வருடம் பானுமதியிடம் சொல்லாததை முன்பின் தெரியாத அத்தர் கடைக்காரர் மகளிடம் சொன்னேன். "எனக்குக் கேக்காதும்மா. எனக்கு வேற ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். அதுல மத்தது எதுவும் தெரியாது. சுஐபு பாய்கிட்ட சொல்லிராத."

பாவம் என்பாள், டாக்டரைப் பாருங்கள் என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு. "என்ன சுருதி?"

"என்னது?"

"அந்த சத்தம். அது என்ன சுருதி?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. என்னைப் பெட்டியின் முன்னால் அவளுடைய நாற்காலியிலேயே உட்காரவைத்தாள். வலது கைப் பக்கமிருந்த கட்டைகளை ஒவ்வொன்றாக அமுக்கினாள். "இதா?" இல்லை. இன்னும் மேலே. "இதா?" இன்னும் மேலே. சில்லென்ற சின்னச் சின்ன ஒலிகள், சர்க்கரையைத் தட்டில் கொட்டுவதுபோல. கடைசிக் கட்டை வந்தது. அதற்கப்புறம் மரம்தான். 

"இன்னும் மேலம்மா" என்றேன்.

"இதுக்கு மேல கட்டை இல்ல அங்கிள்."

அவள் திரும்பி யாரையோ கூப்பிட்டாள். குழல் வாசிக்கிற வழுக்கைத்தலைக்காரர் வந்தார். அவரிடம் அவர்கள் பாஷையில் நிறையச் சொன்னாள். அவர் பெட்டியிலிருந்து சின்னதிலும் சின்னக் குழலாக ஒன்றை எடுத்தார், என் சின்ன ஸ்க்ரூடிரைவரைவிடக் குட்டையாக இருந்தது. மற்றவர்களும் வந்து சுற்றி நின்றார்கள். "அவர் கீழ இருந்து ஒண்ணொண்ணா மேல போவார். கேட்டா விரலத் தூக்குங்க" என்றாள் ஹிஃப்ஸா. 

விரலைத் தூக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊதுகிறவனின் கன்னம் உப்பும், நர்ஸின் முழங்கையைவிட இது சுலபம். முதல் நாலைந்து ஸ்வரத்துக்கு விரலைத் தூக்கினேன். கேட்டதற்கும் தூக்கினேன், கன்னத்தைப் பார்த்தும் தூக்கினேன், எது எதற்கென்று எனக்கே தெரியவில்லை. பெரியவர் கன்னத்தில் இருந்த சிவப்புக் கோடு கண்ணில் பட்டது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு காது சோதனையில் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒன்று கேட்டது, தூக்கினேன். இன்னொன்று, தூக்கினேன். அடுத்தது தூரத்தில் கேட்டது. அதற்கப்புறம் எதுவும் வரவில்லை. என்னுடைய விசில் மட்டும்தான். குழல்காரர் மூச்சு வாங்குகிறார் போல என்று காத்திருந்தேன். ரொம்ப நேரம் காத்திருந்தேன். அப்புறம் கண்ணைத் திறந்தேன்.

எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். பெரியவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு பாதி திரும்பி நின்றார். ஒரு பெண் குனிந்திருந்தாள். ஹிஃப்ஸா தலைத்துணிக்கு மேலாக இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டு என்னையே பார்த்தாள். நடுவில் குழல்காரர் கன்னம் உப்ப, முகம் சிவக்க ஊதிக்கொண்டிருந்தார். என் விரல் தொடைமேல் கிடந்தது. 

அவர் குழலை இறக்கினார். அவர்கள் கையை எடுத்தார்கள். அவர்களுக்கு நின்றுவிட்டது என்பதை அவர்கள் தோள் இறங்கியதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவர் ஊதிய அதே சுருதி எனக்குள் நிற்கவே இல்லை என்பதை அவர்களும் புரிந்துகொண்டார்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பெரியவர் மெதுவாக வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். 

"யார்கிட்டயாச்சும் சொல்லிருக்கீங்களா?" என்றாள் ஹிஃப்ஸா.

"இல்ல." சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். "இன்னொரு தடவ ஊதச் சொல்றியாம்மா? போன்ல பிடிச்சிக்கிறேன்."

இந்த முறை எல்லோரும் முன்கூட்டியே காதைப் பொத்திக்கொண்டார்கள். ஏழு விநாடி. எனக்குக் கேட்காத ஒன்றைப் பதிவு செய்து பையில் போட்டுக்கொண்டேன். 

அதற்கப்புறம் வெட்கம் போய்விட்டது, வேலைதான் மிச்சமிருந்தது. காது இல்லாவிட்டால் என்ன. ஜுபைலில் பேரிங் சத்தம் பார்க்க நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை மிஷினில் வைத்து கைப்பிடியைக் காதில் வைப்பார்கள். என் காது போன பிறகு நான் பல்லில் வைத்துப் பழகியிருந்தேன். யாரும் பார்க்காத நேரத்தில்தான் செய்வேன். அன்றைக்கு எல்லோரும் பார்க்கச் செய்தேன். மேடை மரத்தில் முனையை வைத்து, முட்டி போட்டுக் குனிந்து கைப்பிடியைக் கடித்தேன். பல்லில் லேசாக ஒரு துடிப்பு. வலது பக்கம் நகர்ந்தால் குறைந்தது, இடது பக்கம் நகர்ந்தால் கூடியது. நாய் மோப்பம் பிடிப்பதுபோல முட்டியாலேயே நகர்ந்து, திரைக்குப் பின்னால் போய், படியிறங்கி, ஒவ்வொரு தூணாக, ஒவ்வொரு குழாயாகக் கடித்துக்கொண்டே போனேன். ஹிஃப்ஸா பின்னாலேயே வந்தாள். டிரான்ஸ்ஃபார்மர் அறைக் கதவில் வைத்தபோது தாடையே அதிர்ந்தது. 

காலையில் நான் ஆன் செய்த அதே டிரான்ஸ்ஃபார்மர். ஒரு மரப்பெட்டிக்குக் கரண்ட் கொடுப்பதற்காக, ஒருவரும் எதையும் மாட்டாத சாக்கெட்டுக்காக, காலையிலிருந்து சும்மா முனகிக்கொண்டிருந்தது. பலகையில் 415 V என்று பெரிதாக எழுதியிருந்தது. ஹிஃப்ஸா அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை, எனக்குத்தான் சிரிப்பு வந்தது. பிரேக்கரை இறக்கினேன். அவள் கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றாள். "போயிருச்சு அங்கிள்" என்றாள். அவள் சொன்னதால் நம்பினேன். 

ஏசியைப் போட்டோம். நான்கு மணிக்குள் ஹால் பழைய குளிருக்கு வந்தது. கடைசி நரம்பு தாங்கியது. அவள் இருநூறு கம்பியையும் மறுபடி முதலிலிருந்து கூட்டினாள்.

சுஐபு பாய் ஐந்து மணிக்கு என்னை பேனல் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். யாரோ சொல்லியிருக்கிறார்கள், அல்லது நான் மேடையில் அழுததை கேமராவில் பார்த்திருக்கிறார். என் வலது காது பக்கம் வந்து நின்று, அன்றைக்கு வரைக்கும் இல்லாத அளவுக்குச் சத்தமாகப் பேசினார். 

"இங்க பாரு. டிரான்ஸ்ஃபார்மர் பழசு, சத்தம் போட்டுச்சு, ஆஃப் பண்ணிட்டோம்டு எழுதிட்டேன். 415 யாரு போடச் சொன்னான்னு பேச்சே மாஃபி, கெடையாது. உன் காதைப் பத்தியும் எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் பாக்கல, நீ கேக்கல. கலாஸ், முடிஞ்சுது."

"சரி பாய்."

"அடுத்த வாரம் மெடிக்கல் வருது. அது உன் சாமர்த்தியம்."

நல்ல மனிதர்தான். அவருக்கும் மூன்று பெண் பிள்ளைகள். திரும்பி நடந்துகொண்டே இன்னும் ஏதோ சொன்னார், முதுகு காட்டிச் சொன்னதால் எனக்கு விழவில்லை. "சரி பாய்" என்றேன். இப்படி ஒரு மறைப்புக்காகத்தான் ஆறு வருடமாக முழங்கைகளையும் முகங்களையும் பார்த்துக்கொண்டு திரிந்தேன். கேட்காமலே கையில் கொடுத்துவிட்டார். சந்தோஷம் வரும் என்று நின்று பார்த்தேன், வரவில்லை. என்ன சொன்னார் என்று தெரியாமல் எதற்குச் சரி சொன்னேன் என்பதே திரும்பத் திரும்ப ஓடியது. கட்டிலுக்கும் இப்படித்தான் சொன்னேன். 

ஏழரைக்கு ஆட்கள் வந்து நிரம்பினார்கள். எனக்கு டியூட்டி மேடைக்குப் பின்னால், பேனலுக்குப் பக்கத்தில். திரையின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். விளக்கு தணிந்தது. பெரியவர் தலையசைத்தார், ஹிஃப்ஸா ஒரு கட்டையை அமுக்கினாள், எல்லோரும் அந்தச் சுருதியை வாங்கிக்கொண்டார்கள். அதற்கப்புறம் எல்லோரும் அசையாமல் இருந்தார்கள். ஆயிரம் பேர் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. அந்த ஹால் அவ்வளவு அமைதியாக இருந்திருக்கும். எனக்குள் குழல்காரர் ஊதிக்கொண்டிருந்தார். 

வில்கள் ஏறி இறங்க ஆரம்பித்ததும் நான் படியிறங்கி டிரான்ஸ்ஃபார்மர் அறைக்கு வந்து, இரும்புப் பெட்டிமேல் உட்கார்ந்தேன். போனை எடுத்தேன். ஏழு விநாடியை ஒருமுறை ஓடவிட்டேன், கோடுகள் ஆடின, எனக்கு எதுவும் வரவில்லை. குழல்காரர் ஏமாற்றியிருக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் பானுமதிக்கு அனுப்பினேன். அதற்குக் கீழே பேசி அனுப்பினேன். "பானு, இதுதான் எனக்கு ஆறு வருசமா காதுல கேக்குது. தூங்கும்போதும் கேக்குது. நீ கட்டியன்னு சொன்னது எனக்குக் கட்டிலன்னு விழுந்துச்சு."

இரண்டு டிக் விழுந்தது. ஊரில் மணி ஒன்பதேகால், சாப்பிட்டு முடித்திருப்பார்கள். டிக் நீலமானது. அவள் பதிவு செய்கிறாள் என்று மைக் படம் வந்தது. போனது. வந்தது. போனது. எழுந்து நடந்தேன், அறையில் நான்கு எட்டுக்கு மேல் இடமில்லை. அவள் அந்த ஏழு விநாடியை எப்படிக் கேட்டிருப்பாள், போனைத் தூர எறிந்திருப்பாளா, மகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்திருப்பாளா என்றெல்லாம் ஓடியது. 

பதினொரு விநாடி நீளத்தில் ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. வலது காதில் அழுத்தி வைத்துக் கேட்டேன். விசிலுக்குப் பின்னால் அவள் குரல். இருபத்து மூன்று நாள் கழித்து அவள் குரல். என்ன சொல்கிறாள் என்று ஒரு சொல்லும் பிடிபடவில்லை. திட்டுகிறாளா, அழுகிறாளா, கிளம்பி வா என்கிறாளா. "சரி" என்று அனுப்பப் போனது விரல், பழக்கம். நிறுத்திக்கொண்டு மைக்கை அமுக்கினேன்.

"கேக்கல பானு. இன்னொரு தடவ சொல்லு."

இப்படி நான் யாரிடமும் சொன்னதில்லை. உடனே மைக் படம் வந்தது, இந்த முறை நடுவில் போகவில்லை. வந்து விழுந்தது நாற்பது விநாடி. 

டூல் பையிலிருந்து நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். போனைப் பெட்டிமேல் குப்புறப் போட்டு, சத்தம் முழுவதையும் கூட்டி வைத்தேன். முனையை அதன் முதுகில் நிறுத்தி, குனிந்து, கைப்பிடியைப் பல்லால் இறுகக் கடித்துக்கொண்டு, அடியில் விரலை நுழைத்து, அவள் பேசுவதை ஓடவிட்டேன்.